ரயிலே கப்பல் ஏறினதைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பாளையங்கோட்டையிலிருந்து:

தாத்தா கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். “போட் மெயில்ல போனேன்” என்று அவர் சொல்லும்போதெல்லாம் ரயிலே கப்பலில் ஏறிப் போகும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். “ரயில எப்பிடில கப்பல்ல ஏத்துவாவ? பொட்டியத் தூக்கிக்கிட்டு நாமதாம்ல ஏறணும்” என்றார். மதுரை போய், மானாமதுரையில் போட் மெயிலைப் பிடித்து, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார். அங்கே வேறு ரயில் நிற்கும். பெரியவன் ஆன பிறகுதான் இன்னொன்று புரிந்தது. தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜ் என்ற குறுகிய தண்டவாளம், இலங்கையில் பிராட் கேஜ் என்ற அகலத் தண்டவாளம். பெட்டிகளைக் கப்பலில் கொண்டுபோயிருந்தாலும் அந்தத் தண்டவாளத்தில் ஓடியிருக்காது.

ஆனால் ரயில் கப்பல் ஏறுவதை நான் பார்த்துவிட்டேன். ரோமிலிருந்து சிசிலித் தீவுக்குப் போகும் ரயில். வில்லா சான் ஜொவான்னி என்ற ஊரில் எஞ்சினைக் கழற்றினார்கள். ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் எஞ்சின் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளியது. கப்பலின் மூக்கு மேலே திறந்திருந்தது. உள்ளே பக்கத்துப் பக்கத்தில் தண்டவாளங்கள். கரையையும் கப்பலையும் இணைக்கும் பாலத்தின் மேல் சக்கரம் ஏறும்போது ‘டக்... டக்...’ என்று நான்கு தடவை சத்தம். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய், வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஒரு ஆள் குனிந்து பெட்டியைத் தளத்தோடு பிணைத்துக்கொண்டிருந்தார். பாரம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் கப்பல் சாய்ந்துவிடும் அல்லவா, அதனால் எந்தத் துண்டு எந்தத் தண்டவாளத்தில் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு.

படியேறி மேல்தளத்துக்குப் போனால் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கேன்டீனில் பொரித்த சோற்று உருண்டை விற்றார்கள், அரஞ்சினி என்று பெயர். அதைத் தின்று முடிப்பதற்குள் சிசிலிக் கரையில் உள்ள மெசினா கிட்டே வந்துவிட்டது. கடல் அகலம் சொற்பம்தான்; ரயிலைப் பிரித்து, சேர்க்கத்தான் நேரம். 1899-லிருந்து அங்கே இப்படித்தான் நடக்கிறது. தாத்தா இருந்திருந்தால் முதல் போன் அவருக்குத்தான் போட்டிருப்பேன்.

இந்த வித்தைக்கு மூத்தது ஸ்காட்லாந்து. 1850-ல் ஃபோர்த் முகத்துவாரத்தில் ‘லெவியத்தான்’ என்ற கப்பல் சரக்கு வேகன்களை ஏற்றிப் போனது. கடல் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் கரைத் தண்டவாளமும் கப்பல் தண்டவாளமும் ஒரே உயரத்தில் நிற்காது. அதற்காக, கூடவே ஏறி இறங்கும் சாய்பாலம் ஒன்றைத் தாமஸ் பௌச் என்ற இன்ஜினியர் அமைத்தார். என்னைக் கேட்டால், கப்பலைவிட அந்தப் பாலம்தான் பெரிய சாதனை.

வள்ளியூரிலிருந்து:

அண்ணே, நானும் ஏறியிருக்கேன். ஜெர்மனியில் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கில் ரோட்பி வரை, முக்கால் மணி நேரம். ஆனால் அங்கே பெட்டிக்குள் உட்கார விடமாட்டார்கள், எல்லாரும் மேலே போயே ஆகணும். லாரிக்குப் பக்கத்தில் ரயில் நிற்பதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. 2019 டிசம்பரோடு அதில் ரயில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

மணியாச்சிப் பக்கத்திலிருந்து:

போட் மெயில் முதலில் நம்ம பக்கம்தான் ஓடியது, அதையும் சொல்லணும். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை தூத்துக்குடிதான் கொழும்புக்கு வாசல். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்த வழிக்காகத்தான். 1911-ல் கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்டபோது, அவர் இருந்த பெட்டி அந்தப் போட் மெயில் வரக் காத்துத்தான் நின்றது.

எங்கள் ஆச்சி இலங்கையிலிருந்து தனுஷ்கோடி வழியாக வந்தவள். 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரே போன சேதியை ரேடியோவில் கேட்டு, அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் ‘தலைமன்னார் பியர்’ (கப்பல் துறை) என்ற எழுத்து பாதி தேய்ந்து தெரியும். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன்.