உதவி: மேஜிக் சீட்டாட்டத்தில் நீலம்-கறுப்பு தடுப்பு டெக் (கார்டுக் கட்டு). எதிராளியை அடக்கிவிடுகிறேன், ஆட்டத்தை முடிக்க முடியவில்லை

செல்லூர் நீலக்கறுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக மேஜிக் ஆடுகிறேன். திருநகரில் ஒரு அண்ணன் வீட்டு மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம். பன்னிரண்டு பேர், நாலு ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம், மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். பாப்பர் மட்டும்தான். காமன் கார்டுகளை வைத்தே ஆடுவது என்பதால் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிறது.

நேற்றைய கணக்கு: ஒரு வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு டிரா. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று மொத்தம் 5 புள்ளி. இரண்டு ஜெயித்து இரண்டு தோற்றவர் 6 புள்ளியோடு எனக்கு மேலே போய்விட்டார். டிரா ஆன இரண்டு ரவுண்டிலும் கடைசியில் எதிராளி கையிலும் ஒன்றுமில்லை, மேசையிலும் ஒன்றுமில்லை. என் கையில் ஐந்தாறு கார்டு இருந்தது. ஆனாலும் முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. தோற்ற ரவுண்டு நேர் எதிர். எதிரே வேகமாகத் தாக்குகிற சிவப்பு டெக். கையில் ஏழு கார்டை வைத்துக்கொண்டே செத்தேன்.

என் டெக்: லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடக் கட்ட வேண்டிய மானாவைத் தரும் கார்டு) 20. எதிராளி போடும் கார்டைத் தடுக்கும் கவுண்டர்கள்: கவுண்டர்ஸ்பெல் 4, புரொஹிபிட் 4. நல்ல கார்டு தேட பிரெய்ன்ஸ்டார்ம் 4, பிரீஆர்டெய்ன் 4. கிரீச்சரை (மேசையில் இறங்கி அடிக்கும் உயிரினத்தை) கொல்ல காஸ்ட் டவுன் 3, ஸ்னஃப் அவுட் 4, செய்னர்ஸ் ஈடிக்ட் 3. கார்டு சேர்க்க திங்க் ட்வைஸ் 4, டீப் அனாலிசிஸ் 3. எல்லோரையும் அடிக்கும் எவின்கார்ஸ் ஜஸ்டிஸ் 2. கிரீச்சர் என்று பார்த்தால் கிரிப்ட் ராட்ஸ் 2, மல்ட்ரிஃப்டர் 2, குர்மாக் ஆங்லர் 1.

மூன்றாம் ரவுண்டில் என்னோடு ஆடியவர் எழுந்து போகும்போது, "உன்னோட உட்கார்ந்தா ஒரு மணி நேரம் போயிடுது தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை. தாக்குகிற டெக்குக்கு மாறு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒருவர் போடும் கார்டைப் பார்த்து, இதை விடலாமா தடுக்கலாமா என்று யோசிக்கிற அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இந்த ஆட்டத்துக்கே வந்தேன். எங்கே தப்பு செய்கிறேன்?

அண்ணாநகர் போல்ட்:

தம்பி, நான் வருடக்கணக்காகச் சிவப்பு மட்டுமே ஆடுகிறவன். உன் எதிரே உட்கார்ந்தால் எனக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன்.

உன் ஸ்னஃப் அவுட்டை மானா இல்லாமல் போட்டால் 4 உயிர் போகிறது. டீப் அனாலிசிஸை கிரேவ்யார்டிலிருந்து (போட்டு முடித்த கார்டுகள் சேரும் குவியல்) மறுபடி போட 3 உயிர். அது சரியாக ஒரு லைட்னிங் போல்ட், 3 உயிர் எடுக்கும் என் சிவப்புக் கார்டு. இரண்டு ஸ்னஃப் அவுட், ஒரு டீப் அனாலிசிஸ் என்றால் 11 உயிரை நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய். தொடங்கும்போது உள்ள 20-இல் மிச்சம் 9. எனக்கு மூன்று போல்ட் போதும். எவின்கார்ஸ் ஜஸ்டிஸும் கிரிப்ட் ராட்ஸும் உன்னையும் சேர்த்துத்தான் அடிக்கின்றன. உன் டெக்கில் பாதி எனக்காக வேலை செய்கிறது.

ஏழு கார்டோடு செத்தேன் என்கிறாயே, அதில் எத்தனை காஸ்ட் டவுன் இருந்தது? உண்மையைச் சொல்.

செல்லூர் நீலக்கறுப்பு:

இரண்டு இருந்தது அண்ணே. பெரிதாக ஏதாவது வரும் என்று வைத்திருந்தேன்.

அண்ணாநகர் போல்ட்:

அதுதான் விஷயம். சிவப்பில் பெரிதாக ஒன்றும் வராது. முதல் டர்னில் இறங்குகிற அந்தச் சின்னக் கிரீச்சர்தான் பெரிது. 2 பவர் உள்ளது நாலு முறை அடித்தால் 8 உயிர், ஒரே ஒரு மானா போட்டு. முதலில் வருவதை முதலிலேயே கொன்றுவிடு. கவுண்டரைக் கிரீச்சர் மேல் வீணாக்காதே, போல்டுக்கு வைத்துக்கொள். கிரீச்சரைக் கொல்ல உன்னிடம் பத்து கார்டு இருக்கிறது. முகத்துக்கு நேராக வரும் போல்டை நிறுத்த கவுண்டர் தவிர என்ன இருக்கிறது?

கே.கே.நகர் அக்கா:

நான் கொஞ்ச நாள் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

50 நிமிடம் முடிந்ததும் அப்போது ஆடுகிறவர் தன் டர்னை முடிப்பார். அதற்குப் பிறகு இருவருக்கும் சேர்த்து 5 டர்ன். உங்கள் டர்னில் நேரம் முடிந்தால் அந்த ஐந்தில் உங்களுக்கு இரண்டுதான். எதிராளி டர்னில் முடிந்தால் மூன்று. இப்போது உங்கள் டெக்கைப் பாருங்கள். மல்ட்ரிஃப்டர் 2/2 (முதல் எண் அடிக்கும் அளவு, அடுத்தது தாங்கும் அளவு). 20 உயிரை எடுக்க அது பத்து முறை அடிக்க வேண்டும். ஆங்லர் 5/5, நாலு முறை போதும். ஆனால் அறுபது கார்டில் அது ஒன்றே ஒன்று! மேசையைப் பிடித்துவிட்டேன் என்கிறீர்கள், சரி. பிடித்த பிறகு பத்து டர்ன் தேவைப்படுகிறது, அது உங்களிடம் இல்லை. டிரா ஆனதற்குக் காரணம் நீங்கள் மெதுவாக யோசிப்பது மட்டுமில்லை தம்பி, டெக்கே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. முதல் ஆட்டம் தோற்கப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் கார்டை எடுத்து மடக்குங்கள். இருபது நிமிடம் இழுத்துத் தோற்பதைவிட எட்டாவது நிமிடத்தில் விட்டுக்கொடுத்தால் மீதி இரண்டு ஆட்டத்துக்கு நேரம் இருக்கும். மேசையில் ஒன்றும் மாறாதபோது பிரெய்ன்ஸ்டார்முக்கு இரண்டு நிமிடம் யோசிக்காதீர்கள். தெரியாமல் மெதுவாக ஆடினால் எச்சரிக்கைதான். நேரத்தைக் கடத்துவதற்காகவே வேண்டுமென்று இழுத்தால் அது ஏமாற்று, ஆட்டத்தை விட்டே வெளியேற்றுவார்கள். நீங்கள் அப்படி ஆள் இல்லை என்று எழுதியிருப்பதிலேயே தெரிகிறது. அந்த மூன்றாம் ரவுண்டுக்காரர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வருந்தவேண்டாம்.

பழங்காநத்தம் பழசு:

அக்கா சொல்வதில் ஒரு மறுப்பு. முடிக்கிற கார்டு குறைவாக இருப்பது தப்பே இல்லை. 90-களில் பிரையன் வைஸ்மன் கட்டிய டெக்தான் இந்த வகை ஆட்டத்துக்கே மூலம். 'தி டெக்' என்றே அதற்குப் பெயர். அதில் முடிப்பதற்கு என்று இருந்தது இரண்டு செர்ரா ஏஞ்சல். மற்றதெல்லாம் தடுப்பதும் கார்டு சேர்ப்பதும்தான்.

கே.கே.நகர் அக்கா:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செர்ரா ஏஞ்சல் 4/4, பறக்கும், ஐந்தே அடியில் முடிக்கும். அடித்த பிறகும் சாயாமல் நிற்பதால் அடுத்த டர்னில் தடுக்கவும் செய்யும். மல்ட்ரிஃப்டரால் அது முடியுமா? இரண்டு போதும் என்பது அந்த இரண்டும் யார் என்பதைப் பொறுத்தது.

பழங்காநத்தம் பழசு:

சரிதான். அப்படியென்றால் ஆங்லரைக் கூட்டாமல் டோலேரியன் டெரர் என்ற நீலக் கிரீச்சரைப் போடச் சொல்வேன். ஆங்லர் கிரேவ்யார்டைத் தின்றுதான் இறங்கும். டீப் அனாலிசிஸ், செய்னர்ஸ் ஈடிக்ட், திங்க் ட்வைஸ் எல்லாம் கிரேவ்யார்டில் இருந்தால்தானே மறுபடி போட முடியும்? ஒன்றை ஒன்று கெடுக்கும். டெரர் எதையும் தின்னாது. கிரேவ்யார்டில் உள்ள இன்ஸ்டன்ட், சார்சரி (மேசையில் தங்காமல், போட்டதும் வேலை முடிந்துபோகும் கார்டுகள்) ஒவ்வொன்றுக்கும் 1 மானா குறையும். தம்பியின் டெக்கில் அவை 35 இருக்கின்றன. ஐந்து விழுந்திருந்தால் 7 மானா கார்டு 2 மானாவுக்கு இறங்கும். அதுவும் 5/5. அதைக் கொல்ல நினைப்பவர் 2 மானா கூடுதலாகக் கட்டவேண்டும்.

மேலூர் ஆடுபுலி:

எனக்கு இந்தக் கார்டு பெயர்கள் பாதி புதிது, என் மகன் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். ஆனால் தம்பியின் பிரச்சினை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் கோயில் திண்ணைக் கல்லிலேயே ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கீறியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு வைத்து ஆடுகிறவனால் புலியைக் கொல்லவே முடியாது, அடைக்கத்தான் முடியும். பதினைந்தும் இறங்குகிறவரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது, வைத்துக்கொண்டே போக வேண்டும். அதுவரை எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்கள். பதினைந்தாவது ஆடு இறங்கிய பிறகுதான் கை நடுங்கும். இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று ஓரத்து ஆட்டையே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு இருப்பார்கள். புலி நடுவில் சுகமாக உலாத்தும்.

என் தாத்தா ஆடும்போது எத்தனை ஆடு போனது என்று எண்ணமாட்டார். புலிக்கு இன்னும் எத்தனை வழி இருக்கிறது என்று மட்டும் எண்ணுவார். மூன்று வழி, இரண்டு வழி என்று முணுமுணுப்பது எங்களுக்கே கேட்கும். இரண்டாகக் குறைந்ததும் ஒரு ஆட்டைக் கொடுத்தாவது நெருக்கிவிடுவார். தம்பி தன் கையில் எத்தனை கார்டு என்று எழுதியிருக்கிறார். எதிராளிக்கு எத்தனை வழி மிச்சம் இருந்தது என்று எழுதவில்லை.

செல்லூர் நீலக்கறுப்பு:

ஐயா, இதைப் படித்துவிட்டு நேற்றைய இரண்டாம் ரவுண்டை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அவர் கையில் ஒரே ஒரு கார்டு. என்னிடம் ஆறு லேண்ட், கவுண்டர்ஸ்பெல், மல்ட்ரிஃப்டர். ஐந்து மானாவுக்கு மல்ட்ரிஃப்டர் போட்டால் கவுண்டருக்கு மானா இருக்காதே என்று மூன்று டர்ன் சும்மா இருந்தேன்.

கே.கே.நகர் அக்கா:

அந்த இடத்தில்தான் டெரர் வேண்டும். அதற்கு 2, கவுண்டர்ஸ்பெல்லுக்கு 2. நாலு லேண்ட் இருந்து, இரண்டும் கையில் இருந்து, அவர் கையில் இரண்டு கார்டுக்கு மேல் இல்லையென்றால் இறக்கிவிடுங்கள். ஐந்தாவது லேண்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

லேண்டும் குறைவு. இரண்டாவதாக ஆடும்போது நாலாவது டர்னுக்குள் 11 கார்டு பார்த்திருப்பீர்கள். அறுபதில் 20 லேண்ட் என்றால் அதில் சராசரி 3.67. 22 என்றால் 4.03. லேண்டைக் கூட்டப் பிடிக்கவில்லையென்றால் லோரியன் ரிவீல்ட் இரண்டு போடுங்கள். தொடக்கத்தில் 1 மானா கட்டி அதைக் கழித்து டெக்கிலிருந்து ஐலண்ட் (நீல லேண்ட்) எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு வந்தால் 5 மானாவுக்கு மூன்று கார்டு. நான் மாற்றினால் ஸ்னஃப் அவுட் 2, திங்க் ட்வைஸ் 2, ஆங்லர் 1 வெளியே. டெரர் 3, லோரியன் 2 உள்ளே.

எந்தக் கார்டைத் தடுப்பது என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீலம்-கறுப்பில் மேசையில் இறங்கிவிட்ட என்சான்ட்மென்டை (அங்கேயே தங்கும் மந்திரக் கார்டு) அகற்ற உங்களிடம் எதுவும் இல்லை. ஆர்ட்டிஃபாக்டும் (கருவிக் கார்டு) அப்படித்தான். ஆகவே அவை வரும்போதே தடுத்தாக வேண்டும். கிரீச்சர் இறங்கினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செல்லூர் நீலக்கறுப்பு:

(இரண்டு வாரம் கழித்து) நன்றி சொல்ல வந்தேன். அக்கா சொன்னபடியே மாற்றினேன். இந்த முறை இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. 6 புள்ளி. டிரா ஒன்றுகூட இல்லை. ஒரு ரவுண்டு 31 நிமிடத்தில் முடிந்து, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தோம். அன்று "ஒரு மணி நேரம் போயிடுது" என்று சொன்ன அதே அண்ணனோடுதான். மூன்றாவது ஆட்டத்தில் அவர் கையில் ஒரு கார்டு, எனக்கு நாலு லேண்ட். டெரரை இறக்கும்போது கை நடுங்கியது உண்மை. அவர் அதைக் கொல்லப் பார்த்தார், கவுண்டர்ஸ்பெல் போட்டேன். நாலு அடி.

தோற்ற இரண்டும் சிவப்பிடம்தான். சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கார்டுகளில்) ஹைட்ரோபிளாஸ்ட் 4 இருக்கிறது. அதற்காக எதை எடுப்பது என்று இன்னும் குழப்பம். இரண்டுதான் ஏற்றினேன்.

அண்ணாநகர் போல்ட்:

நாலையும் ஏற்று. 1 மானாவுக்கு என் போல்டையும் தடுக்கும், இறங்கிய சிவப்புக் கிரீச்சரையும் கொல்லும். எனக்கு அதைவிட வெறுப்பான கார்டு கிடையாது. டீப் அனாலிசிஸ் மூன்றும் வெளியே, செய்னர்ஸ் ஈடிக்ட் ஒன்றும் வெளியே. நான் மூன்று கிரீச்சர் வைத்திருந்தால் ஈடிக்டுக்கு இருப்பதில் மோசமானதைத்தானே பலி கொடுப்பேன். மிச்சம் இருக்கிற இரண்டு ஸ்னஃப் அவுட்டை வைத்துக்கொள். நீ மானா இல்லாமல் நிற்கும்போது அது தேவைப்படும். ஆனால் ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் போடாதே.

பழங்காநத்தம் பழசு:

ஒரு சின்ன விஷயம். ஹைட்ரோபிளாஸ்டைச் சிவப்பு அல்லாத ஸ்பெல்லைக் (போடப்படும் கார்டைக்) குறிவைத்தும் போடலாம். ஒன்றும் ஆகாது, ஆனால் கிரேவ்யார்டில் ஒரு இன்ஸ்டன்ட் கூடி டெரருக்கு 1 மானா குறையும். அவசரத்துக்கு உதவும்.

செல்லூர் நீலக்கறுப்பு:

இது தெரியாதே அண்ணே! போல்ட் அண்ணே, நீங்கள் அண்ணாநகர்தானே? அடுத்த ஞாயிறு திருநகருக்கு வருவீர்களா? நாலையும் ஏற்றி உங்களோடு ஆடிப் பார்க்க வேண்டும்.

அண்ணாநகர் போல்ட்:

வருகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் வா, ரவுண்டு தொடங்குவதற்குள் சைட்போர்டோடு மட்டும் ஐந்து ஆட்டம் ஆடிவிடலாம்.