டிஸ்கவர் எங்கே வரும், எங்கே வராது?

நண்பர்களே, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ‘டிஸ்கவர்’ என்ற வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். ஏற்கெனவே இருந்ததை முதலில் காண்பது டிஸ்கவர், 1928-இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது போல. இல்லாததை உருவாக்குவது இன்வென்ட், 1876-இல் பெல் காப்புரிமை வாங்கிய தொலைபேசி போல. இதுவரை சரி. (நாம்தான் இரண்டுக்கும் ‘கண்டுபிடித்தார்’ என்றே ஒப்பேற்றிவிடுகிறோம்!)

அப்புறம் அவள், தொலைந்த சாவி கிடைத்ததற்கும் ‘ஐ டிஸ்கவர்ட் மை கீ’ என்று எழுதிவைத்திருக்கிறாள். அங்கே ‘ஃபவுண்ட்’தான் வரும் என்று காது சொல்கிறது, ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. ஆனால் பஸ் ஏறிய பிறகு பர்ஸ் இல்லை என்று தெரிந்ததற்கு மட்டும் டிஸ்கவர் பொருந்துகிறதே, அது எப்படி? ஆங்கில ஆசிரியர்கள் யாராவது எளிதாகச் சொல்லுங்களேன், நாளை மறுநாள் தேர்வு.