மஞ்சளும் மிளகும் புற்றுநோயைக் கரைக்குமா?

மருந்துக்கடைக்காரர்:
மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்டுக் குடித்தால் செல்களில் தன்னுண்ணல் (செல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று செரிப்பது) தொடங்கிப் புற்றுநோய் கரைந்துவிடுமாம், அதற்கு நோபல் பரிசே கொடுத்தாயிற்றாம். இப்படி ஒரு வீடியோ சுற்றுகிறது. 2016ல் ஜப்பானிய விஞ்ஞானி ஒசுமிக்குப் பரிசு கிடைத்தது ஈஸ்ட்டில் தன்னுண்ணல் பற்றிச் செய்த ஆராய்ச்சிக்கு. மஞ்சளுக்கு இல்லை. கீமோவில் இருப்பவர்கள் வந்து, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை மாத்திரையாகக் கேட்கிறார்கள், வயிறு எரிகிறது.

ஈரோட்டுக்காரன்:
ஆரம்பிச்சுட்டாரு. மிளகு சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் 20 மடங்கு ஏறும். 1998ல் பெங்களூரில் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தது. இல்லை என்பீரா?

மருந்துக்கடைக்காரர்:
அந்த ஆய்வில் மிளகு இல்லாமல் 2 கிராம் குர்குமின் விழுங்கியும் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. அதில் 20 மடங்கு எவ்வளவு? ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் 3 கிராம், அதில் குர்குமின் 90 மில்லிகிராம் தேறினால் அதிகம்.

ஈரோட்டுக்காரன்:
20 மடங்கு என்று ஒத்துக்கொண்டீரே, அது போதும்.

கணக்கு வாத்தியார்:
அந்த ஆய்வு சொல்வது 2000 சதவீதம். 2000 சதவீதம் கூடியது என்றால் 21 மடங்கு.

ஈரோட்டுக்காரன்:
இன்னும் நல்லது.

தென்றல்:
கட்டி வருவதற்கு முன்னால் தன்னுண்ணல் காவல். வளர்ந்த கட்டியோ பட்டினியில் அதே வழியில்தான் பிழைக்கிறது. கணையப் புற்றில் அதை நிறுத்தத்தான் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூண்டுவதா, நிறுத்துவதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
அம்மணி, பேச்சு மிளகைப் பற்றி. மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, 1997ல் நம்மவர்கள் சண்டை போட்டு ரத்தானது தெரியுமா? உதவாத சரக்குக்கா காப்புரிமை?

மருந்துக்கடைக்காரர்:
அது காயம் ஆற்றுவதற்கு வாங்கியது! நிலவேம்பு பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைச் சொன்னீர்.

ஈரோட்டுக்காரன்:
அந்தத் திரியில் பதில் சொல்லாமல் ஓடியது யார்?

மருந்துக்கடைக்காரர்:
ஓடவில்லை, கடை திறக்கப் போனேன். இப்போது கேளும். 2008ல் ஹூஸ்டனில் கணையப் புற்று நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். மஞ்சள்தூளாகப் பார்த்தால் கால் கிலோவுக்கு மேல். 21 பேரில் 2 பேருக்குத்தான் ஏதோ பலன் தெரிந்தது, அதில் ஒருவருக்குக் கட்டி கொஞ்ச காலம் மட்டும் சுருங்கியது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில் தன்னுண்ணல் தூண்டப்படுவது வேறு, ஆள் பிழைப்பது வேறு. உம்முடைய மிளகு என்ன செய்கிறது? குர்குமினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைத் தடுக்கிறது. டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தை உடைக்கும் நொதியையும் மிளகில் உள்ள பிபெரின் தடுக்கக்கூடியது. அப்புறம் அந்த மருந்து உடம்பில் தேங்கினால் யார் பொறுப்பு? ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, பிபெரின் சேர்த்த மாத்திரையைச் சொல்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
கீமோ மருந்து விற்றால்தானே உமக்குக் காசு.

மருந்துக்கடைக்காரர்:
டோசிடாக்சல் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றுவது, என் கடையில் கிடையாது. குர்குமின் மாத்திரைதான் இருக்கிறது, அதில்தான் எனக்கு லாபம். கீமோவில் இருப்பவர் கேட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன்.

தென்றல்:
தூண்டுவதா, நிறுத்துவதா?

ஈரோட்டுக்காரன்:
சரி, 20 மடங்கு ஏறுமா ஏறாதா? ஒரே வார்த்தையில் சொல்லும்.