எட்டு வருட ஐடி வேலையை விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கப் போகலாமா?

கோப்பாய்க்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 32. கம்பஸ் முடித்து எட்டு வருடமாக மென்பொருள் வேலை. முதல் நாலு வருடம் கொழும்பில், பிறகு யாழ்ப்பாணத்துக்கே வந்து டவுனுக்குள் ஒரு கொம்பனியில். இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்குத்தான் வேலை. சம்பளம் நல்லது, கூட இருப்பவர்கள் நல்லவர்கள், எனக்கு வேலையில் ஒரு வெறுப்பும் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் கதைத்தாலும் "கந்தோரில் ஏதும் பிரச்சினையோ பிள்ளை" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஏழு வயதில் இருந்து பரதம் பழகினேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் வரை சித்தி. ஓஎல் பரீட்சை வர ரியூசன், பிறகு ஏஎல் படிப்பில் கணிதம், சலங்கை அலுமாரிக்குள் போய்விட்டது. இங்கே எத்தனை வீட்டில் இதே கதை இருக்கும்! வெள்ளவத்தையில் இருந்தபோது ஒரு ரீச்சரிடம் மறுபடி தொடங்கினேன், அதற்குப் பிறகு விடவே இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன வருடம் தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வடமராட்சி கிழக்கில் ஒரு கரையோரக் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். காசு வாங்குவதில்லை. ஆறு பேரோடு தொடங்கி இப்போது 23 பேர், அதில் ஏழு பேர் பொடியன்கள். கிழமைக்கு ஒரு நாள் காணவே காணாது. இந்த ஞாயிறு அரைமண்டி, அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து நிற்கிற நிலை, திருந்தியிருக்கும், அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் முழங்கால் பழையபடி முன்னுக்கு வந்து நிற்கும். புதனும் வெள்ளியும் பின்னேரம் போகலாம் என்றால், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு நிற்கிற அந்த நாலு மணி ஐந்து மணிதான் இங்கிலாந்தில் வேலை சூடு பிடிக்கிற முற்பகல். அந்த நேரத்தில் அழைப்பு இல்லாத நாளே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தட்டடவு என்ற முதல் அடவு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அழைப்பு வந்தது. வாசல் படியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் கதைத்தேன். திரும்பி உள்ளே போனால் ஒருவரும் கலையவில்லை. எல்லாரிலும் சின்னவள், எட்டு வயது, தாளம் தட்டுகிற என் தட்டுக்கழியை எடுத்து மனைப் பலகையில் தட்டிக்கொண்டிருக்கிறாள், மற்றவர்கள் முதலாம் காலத்திலேயே, அந்த மெதுவான வேகத்திலேயே, திருப்பித் திருப்பி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் காலத்துக்கு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் நான் வரும் வரை அதே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். கழியைத் திருப்பித் தரும்போது அவளுடைய கை சிவந்திருந்தது. அன்று இரவு வல்லை வெளியால் ஸ்கூட்டியில் திரும்பி வரும்போதுதான் வேலையை விடுவது என்று நினைத்தேன், இரண்டு மாதமாக அந்த எண்ணம் மாறவில்லை.

இப்படி விட்டுவிட்டு வந்தவர்கள் யாரும் இங்கே இருக்கிறீர்களா? காசுக்கு என்ன செய்தீர்கள்? அதைவிடப் பெரிய கேள்வி, நான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவளா என்பது. ஆடத் தெரியும், பழக்குவதை ஒருவரும் எனக்குப் பழக்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அப்பா இல்லை, தம்பி கம்பஸில் கடைசி வருடம்.

பழைய எஞ்சினியர்

தங்கச்சி, நான் தொலைத்தொடர்புத் துறையில் பதினொரு வருடம் இருந்துவிட்டு நாடகத்துக்கு வந்தவன். உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் முதலில் சொல்கிறேன்.

இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை நம்பி ஒன்றும் போடாதீர்கள், பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) வேறு. அது முதலாளி மட்டும் கட்டுகிற 3 வீதம், வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். கொழும்பு வேலையை விட்டபோது எடுத்தீர்களா என்று பாருங்கள். அப்புறம் பணிக்கொடை, வேலையை விடும்போது கொம்பனி தருகிற தொகை. ஒரே கொம்பனியில் ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், அங்கே 15 பேராவது வேலை செய்ய வேண்டும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக எடுத்த சம்பளத்தில். இரண்டு லட்சம் எடுக்கிறீர்கள் என்று வைப்போம், ஐந்து வருடத்துக்கு ஐந்து லட்சம். நீங்கள் சொல்கிற கணக்கில் யாழ்ப்பாணக் கொம்பனியில் நாலு வருடம்தான் முடிந்திருக்கும் போல. அப்படியென்றால் இப்போது விட்டால் பணிக்கொடை ஒரு சதமும் கிடைக்காது, ஐந்தாவது வருடம் முடிந்து விட்டால் முழுதாகக் கிடைக்கும். இதைத் தெரியாமல் நான் மூன்று மாதம் முந்தி விட்டேன், இன்று வரை எனக்கு அது கவலைதான்.

சாப்பாட்டுக்கு என்ன வழி என்றால், கிராமத்தில் காசு வாங்காமல் பழக்குகிற ஒவ்வொரு வகுப்புக்கும் டவுன் பக்கம் காசு வாங்குகிற ஒரு வகுப்பு இருக்க வேண்டும். காசு வாங்குவதில் வெட்கப்படாதீர்கள். திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கத்துப் பெற்றோர் மனமாகக் கொடுப்பார்கள், அந்தக் காசில்தான் வடமராட்சிக்குப் பெற்றோல் அடிக்க வேண்டும். எனக்கு இன்று வருவது பழைய சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு. வாடகை வீடு இல்லாததால் சமாளிக்கிறேன்.

தம்பியின் படிப்பு முடியட்டும். அது ஒரு வருடம்தானே.

மனையும் கழியும்

பிள்ளை, 26 வருடமாக நடன ஆசிரியையாக இருக்கிறேன், அரச பாடசாலையிலும் வீட்டிலும். "தகுதியானவளா" என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சான்றிதழைப் பொறுத்தவரை, மருதனார்மடத்தில் யாழ் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவில் பட்டம் செய்ய ஆசை இருக்கலாம், ஆனால் ஏற்கனவே அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படித்து முடித்தவருக்கு அந்தக் கதவு மறுபடி திறக்காது. உங்களுக்குப் பொருத்தமான வழி நீங்கள் பாதியில் விட்டதுதான். சங்கீத சபைப் பரீட்சையை நான்காம் தரத்தில் இருந்து தொடர்ந்து எடுத்து ஆசிரியர் தரம் முடியுங்கள், கலாவித்தகர் பட்டம் கிடைக்கும். அறிமுறைக்கு இரவில் படிக்கலாம், செயன்முறைக்கு ஒரு குரு வேண்டும். நட்டுவாங்கம், அதாவது தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது, கட்டாயம் பழகுங்கள். ஆடுகிறவளுக்குத் தாளம் காலில் இருந்தால் போதும், பழக்குகிறவளுக்குக் கையிலும் வாயிலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும், கண் 23 சோடிக் காலிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சனசமூக நிலையம் என்றால் சீமெந்துத் தரையாகத்தான் இருக்கும். வளர்கிற பிள்ளைகளை அந்தத் தரையில் மூன்று காலமும் ஓங்கித் தட்ட விடாதீர்கள். பாய் விரித்தால் வழுக்கும். முதலாம் காலத்தைத் தரையில் மெதுவாகச் செய்யட்டும், வேகம் பழக்க வேண்டுமென்றால் வெளியே இறுகிய மண்ணில் விடுங்கள். நான் இளமையில் இது தெரியாமல் பழக்கினேன், என்னிடம் படித்த இரண்டு பேருக்கு இன்று முழங்கால் நோ.

அரங்கேற்றத்துக்குப் பழக்குவது போல இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்க முடியாது, அதை நினைத்துக் கவலைப்படவும் வேண்டாம். அரங்கேற்றம் இன்று பல லட்சம் ரூபாய் விசயம், அந்தக் கிராமத்தில் ஒரு வீடும் அதற்குப் போகாது. அவர்கள் கேட்பதும் அது இல்லை. பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்பதை நாடகக்காரரிடம் படியுங்கள். குழந்தை சண்முகலிங்கம் சேர் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர், சிறுவர் நாடகத்தைப் பாடசாலைகளுக்குள் கொண்டு வந்தவர். 2025 தொடக்கத்தில் காலமாகிவிட்டார், ஆனால் அவரிடம் பழகியவர்கள் இன்னும் களப்பயிற்சி நடத்துகிறார்கள். இரண்டு மூன்றுக்குப் போய் இருந்து பாருங்கள், கூச்சப்படுகிற பிள்ளையை விளையாட்டால் எப்படி நடுவுக்குக் கொண்டு வருகிறார்கள் என்று. எங்கள் நடன வகுப்பில் அது ஒருவருக்கும் சொல்லித் தரப்படவில்லை.

நல்லூரடி

அக்கா, எல்லாரும் போ போ என்கிறார்கள், நான் கொஞ்சம் மாறித்தான் சொல்லப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஊருக்கும் ஒரு நிறுவனம் வந்து பிள்ளைகளுக்குச் சங்கீதம், நடனம், ஓவியம் எல்லாம் சொல்லிக்கொடுத்தது. நானும் போனேன், மிருதங்கம். ஒரு வருடமும் சில மாதமும். திட்டம் முடிந்தது என்று ஒரு சனிக்கிழமை வரவில்லை, அடுத்த சனியும் வரவில்லை. மிருதங்கங்களையும் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் நாலைந்து பேர் கன நாளாகச் சனிக்கிழமை காலையில் மண்டபத்து வாசலில் போய் நின்றோம்.

அதனால்தான் சொல்கிறேன். காசு முடிந்து ஒரு வருடத்தில் நீங்கள் கொழும்புக்குத் திரும்ப வேண்டி வந்தால், அந்த 23 பேரும் அப்படித்தான் நிற்பார்கள். வேலையில் இருந்துகொண்டு ஞாயிறு மட்டும் பத்து வருடம் போவது, முழுதாக விட்டுவிட்டு இரண்டு வருடத்தில் களைத்துப் போவதை விட அவர்களுக்கு நல்லது. அல்லது மேலதிகாரியிடம் கேளுங்கள், கிழமைக்கு மூன்று நாள் வேலை, சம்பளத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று. கேட்டுப் பார்த்தீர்களா? எழுதியிருந்ததில் அது இல்லை.

பாஷையூரான்

ஒரு விசயம் மட்டும். கரையோரக் கிராமம் என்கிறீர்கள். அங்கே காத்தவராயன் கதையை ஆடுகிற காத்தவராயன் கூத்து ஆடிய பெரியவர்கள் கட்டாயம் இருப்பார்கள், விசாரியுங்கள். எங்கள் பக்கம் தென்மோடி என்கிற கூத்து வகை, நான் அப்புவிடம் பழகினேன், ஒரு நாளும் வகுப்பு என்று இருந்து படிக்கவில்லை. அந்த ஏழு பொடியன்களும் பரதத்தில் எவ்வளவு காலம் நிற்பார்கள் தெரியாது, ஆனால் தாத்தாவின் ஆட்டம் என்றால் நிற்பார்கள். மட்டக்களப்பில் சீலாமுனையில் கூத்து ஆய்வாளர் ஜெயசங்கர் சேர் ஆட்கள் ஊரவர்களோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்த மாதிரி, நீங்கள் ரீச்சராகப் போகாமல் அந்தப் பெரியவரிடம் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் பழகுங்கள். இரண்டும் ஒரே மண்டபத்தில் நடக்கட்டும்.

கோப்பாய்க்காரி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன்.

நல்லூரடித் தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்த அன்று நித்திரை வரவில்லை. மிருதங்கத்தை ஏற்றிக்கொண்டு போனது மனதை விட்டுப் போகவே இல்லை. மேலதிகாரியிடம் கேட்டேன். மூன்று நாள் முடியாது, நாலு நாள் என்றால் பார்க்கலாம், ஆனால் புதனும் வெள்ளியும் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அழைப்பு எடுக்க மாட்டேன் என்பதற்குச் சம்மதித்திருக்கிறார். சம்பளத்தில் கால்வாசி குறையும். பணிக்கொடைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அண்ணா சொன்னது சரி. அதுவரை இப்படிப் போகிறேன். தம்பியின் படிப்பும் அதற்குள் முடியும், அதன் பிறகு விடுகிறேன். விடுவதில் மாற்றமில்லை.

ரீச்சர், சங்கீத சபைக்கு விண்ணப்பம் எடுத்துவிட்டேன். பிள்ளைகளை வெளியே மண்ணில் விட்டுப் பார்த்தேன், கடற்கரைப் பிள்ளைகள், பாதம் மண்ணுக்குப் பழகியது, உள்ளே தயங்குகிறவர்கள் எல்லாம் வெளியே இரண்டாம் காலம் பிடிக்கிறார்கள்.

பாஷையூர் அண்ணா, பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் சின்னவளின் அம்மப்பா. 74 வயது, இப்போதும் வலை பின்னுகிறார். முதலில் "அதெல்லாம் மறந்து போச்சு பிள்ளை" என்றார். பேத்தி தட்டுகிற தாளத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இது இப்படி இல்லை" என்று எழும்பினார்.

அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. நேற்றுப் பின்னேரம் பார்த்தால் என் பழைய சலங்கையை எடுத்து வைத்துக்கொண்டு, அறுந்த மணிகளைப் புதுத் தோலில் கோர்த்துக்கொண்டிருக்கிறார். சின்னப் பிள்ளைக்கென்று கட்டியது, எனக்குக் காணாது. அந்த எட்டு வயதுக்காரிக்குச் சரியாக இருக்கும்.