மறு: ‘இனிஷியலைஸ்’ பொத்தானுக்குத் ‘துவக்கு’ சரியா?

> ‘துவக்கு’ என்றே இருக்கட்டும். இத்தனை நாள் புழங்கிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, வணக்கம். நம் மென்பொருள் தமிழாக்கத்தில் இந்தச் சொல்லை மாற்றக் கேட்பதற்குக் காரணம் என் சித்தப்பா.

வேளச்சேரியில் இருக்கிறார். பழைய டெஸ்க்டாப் உயிரை விட்டதும் அதிலிருந்த 1 டிபி ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பரணில் வைத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை புது நாஸ் பெட்டி வந்தது, வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்பு வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி. அந்த டிஸ்கையே அதில் செருகினார். திரையில் ‘வட்டைத் துவக்கு’ என்று வந்தது. ஸ்கூட்டரைக் கிளப்புவது மாதிரி என்று நினைத்து அழுத்திவிட்டார். என் தங்கையின் காதுகுத்துப் படங்கள் அதில்தான் இருந்தன. எச்சரிக்கை ஒன்று பொடி எழுத்தில் இருந்ததாம், ஆங்கிலத்தில்.

விண்டோஸில் ஓடிய டிஸ்க் என்றால் உள்ளே என்டிஎஃப்எஸ் இருக்கும், அது விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறை. நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் லினக்ஸ். பொத்தானை அழுத்தியதும் அது பழைய பிரிவு அட்டவணையை (டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்ற குறிப்பை) தூக்கிப் போட்டுவிட்டு, தன் கணக்குப்படி புதிதாகப் பிரித்து எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற தன் அடுக்கு முறையை வைத்துக்கொள்ளும். பழைய டிஸ்கைப் போடுமுன் கோப்புகளை வேறெங்காவது நகலெடுத்தாக வேண்டும். ‘துவக்கு’ என்ற சொல்லில் இதற்கான சாடையே இல்லை.

நிரலில் மாறிக்கு (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயருக்கு) முதல் மதிப்பு கொடுக்கும் இடத்தில் ‘துவக்கு’ இருக்கட்டும், அங்கே தொலைய ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்றால் தமிழிலும் ஒன்றுதான் வேண்டுமா? யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி. இந்தப் பொத்தானுக்கு அதுதான் பொருத்தம்!

என் பரிந்துரை: ‘துடைத்தமை’, அதாவது துடைத்துவிட்டு அமை.

———

தம்பி, காதுகுத்துக் கதையைக் கேட்டபின் ‘துவக்கு’க்காக வாதாட மாட்டேன். ஆனால் ‘துடை’ வேண்டாம். டிஸ்க் முழுக்க மேலெழுதி ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்கு அது தேவைப்படும். இந்தப் பொத்தான் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. அட்டவணையை மாற்றிவிட்டு நகர்ந்துவிடும். ‘துடைத்தாயிற்று’ என்று நம்பி ஒருவர் அந்த டிஸ்கைச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விற்றால், வாங்கியவர் மீட்பு மென்பொருளைப் போட்டு வீட்டுப் பத்திர ஸ்கேன் வரை எடுத்துவிடலாம்.

எனக்குத் தோன்றுவது ‘கலை’. வாசல் கோலத்தைக் காலால் கலைத்தால் மாவு தரையில்தான் கிடக்கும், கோலம்தான் இருக்காது. இங்கே நடப்பதும் அதேதான். ‘கலைத்தமை’ எப்படி?

அப்புறம், சித்தப்பாவிடம் அந்த டிஸ்கில் இனி எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டியை முறைப்படி அணைத்து, டிஸ்கை வெளியே எடுக்கட்டும். இன்னொரு டிஸ்கோடு மிரர் (இரண்டிலும் ஒரே நகல்) வைக்காதது நல்லதாகப் போயிற்று. வைத்திருந்தால் ஒன்றின்மேல் மற்றதை எழுதத் தொடங்கியிருக்கும்.

———

நடுவில் புகுகிறேன், ஐயா. கலைத்தமைக்கு நன்றி.

கிண்டல் இல்லை. கல்யாண மண்டப வாசலில் ‘வந்தமைக்கு நன்றி’ பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முடிந்துபோன செயலாகத்தான் படும், ஏவலாகப் படாது. ‘துடைத்தமை’க்கும் இதே கதி. பொத்தானில் ‘கலைத்து அமை’ என்று பிரித்தே எழுதுங்கள். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘கலைத்தமைப்பு’.

———

சரி, ஏற்கிறேன். ஒரே நிறுவனத்தின் பழைய பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் என்றால் சில மாடல்களில் கோப்புகள் அப்படியே வந்துவிடும். அப்படிக் கொண்டுவரும் பொத்தானுக்குக் ‘கலைக்காமல் மாற்று’ என்று வைத்தால், இரண்டையும் அருகருகே பார்ப்பவர் ஒரு நொடி யோசிப்பார்.

என் சித்தப்பா டிஸ்கைக் கழற்றிவிட்டார். நேற்று ராத்திரி வரை நாற்பது சொச்சம் படங்கள் மீண்டிருக்கின்றன. கோப்புப் பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். மாமா மடியில் தங்கை வாயைப் பிளந்து அழும் படம் கிடைத்துவிட்டது.