அலை ரேகைச் செர்ரி: அரக்கு முதலிலா, எண்ணெய் முதலிலா?

வெட்டுமரம்: மன்றத்தின் பக்கத்து விவாத இழையில் ஒரு மேதை அருளியிருக்கிறார்: "அலை ரேகைச் செர்ரிக்கு ஆளிவிதை எண்ணெயை நேரே தேய்த்தால் போதும், அரக்குப் பூச்சு தொடைநடுங்கிகள் வேலை." பென்சில்வேனியாச் செர்ரி மரப் பலகை விலை தெரிந்துதான் எழுதினாரா? அலை ரேகையில் நார் மேலும் கீழுமாக வளைந்து ஓடும். முகத்தில் பல இடங்களில் நாரின் வெட்டுவாய் திறந்திருக்கும், எண்ணெயை அங்கேதான் அதிகம் குடிக்கும், கறுக்கும். முதலில் மெழுகு நீக்கிய அரக்கு, லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம், ஒரே ஒரு கை மெல்லிய பூச்சு. காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு எண்ணெய்.

உளிமுனை: அந்த மேதை அடியேன்தான். அதிகம் குடிப்பதால்தான் ரேகையே எழுகிறது. வாசலைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்கிறீர்கள்.

வெட்டுமரம்: கறுப்பது ரேகை இல்லை, திட்டு.

சீவல்: முதலில் ரேகை எது, திட்டு எது என்று முடிவு செய்யலாமே? பக்கவாட்டு வெளிச்சத்தில் பலகையைத் திருப்பினால் மினுக்கம் இடம் மாறும், அது ரேகை. திட்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

உளிமுனை: அது கிடக்கட்டும். 120 கிராம் போட்டால் எண்ணெய் எங்கே இறங்கும்?

வெட்டுமரம்: 120இல் இறங்கும். 240இல் இரண்டு கை பூசிவிட்டு இறங்கவில்லை என்றால் அரக்கு என்ன செய்யும்? தேக்கு பற்றிய விவாத இழையிலும் அளவு பார்க்காமல்தான் வாதாடினீர்கள்.

உளிமுனை: தேக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

இழைப்புளி_55: பூச்சு இருக்கட்டும், அலகு 45 பாகை சாய்ந்த இழைப்புளியை ஓட்டினால் இந்தப் பலகையில் பிசிறு பிய்ந்து குழி விழும். 55 பாகையாவது வேண்டும். இல்லையென்றால் ஸ்க்ரேப்பர், அதாவது சுரண்டும் தகடு.

வெட்டுமரம்: 45 போதும். அலகின்மேல் பொருத்தும் தகட்டை அலகு விளிம்பிலிருந்து 0.2 மி.மீ.க்குள் தள்ளி வையுங்கள், சீவல் உடைந்து வரும். அலகைத் தீட்டத் தெரியாதவர்களுக்குத்தான் பாகைக் கவலை.

இழைப்புளி_55: தீட்டத் தெரியாதவன் நானா? இழுப்பறை முகத்துக்கு ஒரே பலகையைப் பிளந்து புத்தகம்போல் விரித்து ஒட்டினால், ஒரு பாதி இருட்டாகவும் மறுபாதி பளிச்சென்றும் தெரியும். ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

வெட்டுமரம்: ஒரு பாதி புரட்டிப் போட்டது, நாரின் சாய்வு எதிர்த்திசையில் இருக்கும். இதெல்லாம் ஒரு கேள்வியா? அதற்கும் அரக்கு முதலில், 120.

சீவல்: நிறம் சீரில்லை என்றால் ஸ்டெயின், அதாவது மரச்சாயம்?

உளிமுனை: செர்ரிக்கு ஸ்டெயினா! வெளிச்சம் பட்டாலே சில மாதத்தில் செம்பழுப்பாகும். வெளிறிய ஓர மரத்தை மட்டும் அறுத்துத் தள்ளுங்கள், அது உள்மரமான வைரத்தின் நிறத்துக்கு வராது. எண்ணெயை நேரே தேயுங்கள்.

வெட்டுமரம்: திட்டும் சேர்ந்து செம்பழுப்பாகும். வாழ்த்துகள்.

இழைப்புளி_55: 0.2 மி.மீ.யை எதை வைத்து அளந்தீர்கள், கண்ணாலா?