முள் உரசும் திசைகாட்டி: பெங்களூரில் மாற்று எங்கே கிடைக்கும்?

வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியண்டீரிங் போட்டிப் பருவம் அடுத்த மாதம் தொடங்குகிறது. எங்கள் குழுவின் திசைகாட்டிகளில் முள் சிக்கிக்கொள்கிறது. ஸ்வீடனில் வாங்கிய, கட்டைவிரலில் மாட்டும் வகை. முள்ளின் தெற்கு முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசுகிறது. துரஹள்ளிக் காட்டிலும் மொட்டைமாடியிலும் இதே நிலைதான். கைபேசி, கடிகாரம், சாவி எல்லாவற்றையும் விலக்கிவைத்துப் பார்த்துவிட்டோம். திரவம் நிறைந்த கூடு என்பதால் திறக்கவும் வழியில்லை. கையைச் சாய்த்தால் முள் விடுபடுகிறது. ஆனால் வரைபடமும் கையுமாகப் பாறைகளுக்கிடையே ஓடும் பிள்ளைகள் அதை எப்படிச் செய்வார்கள்? புவியின் காந்தப்புலம் தரையை நோக்கிச் சாயும் கோணம்தான் காந்தச் சாய்வு; வட ஐரோப்பாவின் செங்குத்தான காந்தச் சாய்வுக்குச் சமன்செய்த முள், அந்தச் சாய்வே இல்லாத காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தென்னிந்தியாவில் சரிப்படாது என்பது புரிகிறது. நம் மண்டலத்துக்கோ, உலகம் முழுவதற்குமோ சமன்செய்த முள் கொண்ட திசைகாட்டி பெங்களூரில் எந்தக் கடையில் கிடைக்கும்?